டெனாரிலிருந்து பேஸ் ட்ராம்போனுக்கு மாறும்போது

ட்ராம்போன் என்பது ஸ்லைடு எனும் நகரும் குழாயை நீட்டிச் சுருக்கி வாசிக்கும் பித்தளைக் கருவி. டெனார், பேஸ் இரண்டுக்கும் குழாயின் நீளம் ஒன்றுதான்: சுமார் 9 அடி, சுருதி பி ஃப்ளாட். மாறுவது அகலம். பெரிய டெனாரின் உள்விட்டம் 0.547 அங்குலம் என்றால் பேஸுக்கு 0.562. பார்க்க அற்பம், ஆனால் முதல் நாளே மூச்சு பாதி வரியில் தீர்ந்துவிடும். உதடு வைத்து ஊதும் மௌத்பீஸும் பெரிது, 1½ஜி அளவில் தொடங்கினால் போதும். எடுத்த எடுப்பில் அதைவிடப் பெரிய 1ஜி வாங்கினால் உதடு தாங்காது.

பேஸில் இரண்டு வால்வு இருக்கும்; விரலால் அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியே போகும். இரண்டு எதற்கு? வால்வு தொடாமல் வாசித்தால் ஏழாம் பொசிஷனில், அதாவது ஸ்லைடை நிறுத்தும் ஏழு இடங்களில் கடைசியில், கீழ் ஈ வரைதான் இறங்கலாம். அதற்கடுத்து கிடைப்பது முதல் பொசிஷனின் அடிச் சுரமான பெடல் பி ஃப்ளாட். நடுவில் ஐந்து சுரம் காணோம். கட்டைவிரலின் எஃப் வால்வு நான்கைத் தரும். அதிலும் சி ஸ்லைடின் கடைசி நுனியில், கை முழுக்க நீட்டினால்தான். பி நேச்சுரல் எட்டவே எட்டாது. நடுவிரலின் ஜி ஃப்ளாட் வால்வையும் சேர்த்து அழுத்தினால் கருவி டி-க்கு இறங்கும்: சி நாலாம் பொசிஷன் அருகே, பி ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே.

முதலில் சுருதி சேருங்கள். வால்வில்லாமல் ஆறாம் பொசிஷனில் எஃப் வாசித்து, அதே சுரத்தை எஃப் வால்வுடன் முதல் பொசிஷனில் வாசியுங்கள். இரண்டும் ஒன்றாகும்வரை வால்வின் ட்யூனிங் ஸ்லைடை நகர்த்துங்கள். ஜி ஃப்ளாட்டுக்கு ஒப்பிட வேண்டியது ஐந்தாம் பொசிஷன். வால்வை அழுத்தியதும் குழாய் நீள்வதால் பொசிஷன்களின் இடைவெளியும் அகலும். பழைய இடத்திலேயே கை நின்றால் சுரம் ஏறித்தான் கேட்கும்.

கீழே இறங்க இறங்க உதட்டை இறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஒலி மெலிந்து, சுருதி ஏறும். தாடையை இறக்கி, வாய்க்குள் இடம் விட்டு, காற்றை மெதுவாக, ஆனால் நிறைய விடுங்கள். வால்வை மட்டும் சட்டென்று அழுத்துங்கள். பாதியில் நின்றால் சுரத்துக்கு நடுவே ஒரு விக்கல் கேட்கும்.

ஆர்கெஸ்ட்ராவில் பேஸுக்கு இரண்டு டெனாருக்கு அடியில் மூன்றாவது இடம், பிக் பேண்ட் எனும் ஜாஸ் குழுவில் பெரும்பாலும் நாலாவது. தாழ்ந்த சுரப் பித்தளைக் கருவியான ட்யூபாவுடன் ஒத்துப்போவதே ஆர்கெஸ்ட்ராவில் பாதி வேலை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி, பிராம்ஸின் முதல் சிம்ஃபனி இரண்டிலும் ட்ராம்போன்கள் கடைசிப் பகுதிவரை சும்மா இருக்கும். அதற்குள் பித்தளை குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். நுழைவதற்குச் சில வரிகள் முன்பே, இரண்டு வால்வையும் அழுத்தியபடி சத்தமில்லாமல் சூடான மூச்சை ஊதிவிடுங்கள்.