இன்டர்ன் என்ற பெயர் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இன்டர்னாகச் சேர்ந்த கம்பெனியிலேயே டெவலப்பராக வளர்வதில் ஒரு சிக்கல் உண்டு. அனுபவத்தோடு வெளியிலிருந்து வருகிறவரை டீம் முதல் நாளிலேயே டெவலப்பராகப் பார்க்கும். இன்டர்னாக வந்தவரை மூன்று வருடம் ஆனாலும் "அந்தப் புதுப் பையன்", "அந்தப் புதுப் பொண்ணு" என்றுதான் நினைக்கும். இதில் பாதி டீமின் பழக்கதோஷம். மீதியை நாமே தேடிக்கொள்கிறோம்.

நான் செய்த முதல் தவறு, மாட்டிக்கொண்டும் வாயைத் திறக்காமல் இருந்தது. கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் என் மெஷினில் மட்டும் ஃபெயில் ஆனது. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "டைம்ஸோனைப் பார்த்தியா?" என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எரர் வந்த அடுத்த நொடியே அவரிடம் ஓட ஆரம்பித்தேன். அதுவும் தவறுதான், அவருடைய முகமே சொன்னது.

இப்போது புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. ஒரு மணி நேரம் தனியாக முட்டிப் பாருங்கள். வழி பிறக்கவில்லையா, கேளுங்கள். என்ன செய்யப் பார்த்தீர்கள், என்ன நடந்தது, எதையெல்லாம் முயன்றீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். எழுதும்போதே பல நேரம் விடை தட்டுப்பட்டுவிடும். மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் தாங்கள் எழுதிய கோட் முழுவதையும் வரிவரியாக விளக்கும் பழக்கம் புரோகிராமர்களிடம் உண்டு. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் பலன் இருக்கிறது.

இதைவிட மோசமான தவறு, உடைத்ததை மறைப்பது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், வேறொரு சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் சில ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் வழக்கமான பேக்கப் எதுவும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. கிட்லேப் எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், எங்கே தவறு நடந்தது என்று விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பேக்கப் வேலை செய்யவில்லை என்ற உண்மையும் அப்போதுதான் வெளியே வந்தது. நீங்கள், வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான புரொடக்‌ஷனை உடைத்தால் முதலில் சொல்கிறவர் நீங்களாக இருங்கள். "இதைச் செய்தேன், இந்த நேரத்தில் செய்தேன், அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை." இந்த மூன்று தகவல் போதும், சீனியர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

புல் ரிக்வெஸ்ட் பற்றியும், அதாவது உங்கள் மாற்றத்தை டீமின் கோடில் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்க்க அனுப்புவது பற்றியும், ஒரு வார்த்தை. ஆயிரத்து ஐந்நூறு வரியை ஒரே மூட்டையாக அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், மேலோட்டமாகப் பார்த்து "ஓகே" போட்டுவிடுவார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெர்ஜ் ஆனதும், அதாவது மாற்றம் டீமின் கோடில் சேர்ந்ததும், வேலை முடிந்தது என்று நினைப்பதும் இன்டர்ன் காலத்து மிச்சம்தான். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில், புதிய கோட் எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒன்றில் வருடக்கணக்காகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நம் தவறுகள் இவ்வளவு பெரிதாக இருக்காது, சரி. ஆனாலும் உங்கள் மாற்றம் போன பிறகு சிஸ்டம் தானே எழுதி வைக்கும் பதிவான லாக்கைத் திறந்து பார்க்கிறீர்களா?

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு, முடித்த டிக்கெட்டுகளின், அதாவது எழுதி ஒதுக்கப்பட்ட வேலைகளின், எண்ணிக்கையை வளர்ச்சி என்று எண்ணுவது. சில வார வேலைச் சுற்றான ஒரு ஸ்பிரின்டில் பன்னிரண்டு டிக்கெட் மூடியவர் வேகமான இன்டர்னாகவே இருக்கலாம். எவ்வளவு தெளிவில்லாத வேலையை உங்களை நம்பித் தருகிறார்கள் என்று பாருங்கள். "இந்தப் பட்டனின் நிறத்தை மாற்று" என்பது ஒரு வகை. "பணம் செலுத்தும் பக்கத்தில் ஆட்கள் பாதியில் போய்விடுகிறார்கள், ஏன் என்று பார்" என்பது வேறு வகை. இரண்டாவதற்கு டிக்கெட்டில் விடை இருக்காது. சப்போர்ட் டீமிடம் பேச வேண்டும், தரவைப் பார்க்க வேண்டும், சில சமயம் கோடே எழுத வேண்டாம் என்ற முடிவுக்கும் வர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வேலை தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். மேனேஜரோடு தனியாகப் பேசும்போது வாய்விட்டுக் கேளுங்கள். உழைப்பைப் பார்த்துத் தானே தருவார் என்று ஒன்றரை வருடம் நான் காத்திருந்தேன். அவருக்கு நான் அதை விரும்புவதே தெரியவில்லை.

அப்புறம், இன்டர்னாக இருந்தபோது உங்கள் தலையில் கட்டிய சில்லறை வேலைகள் இன்னும் உங்களிடமே இருக்கின்றனவா என்று பாருங்கள். வாராந்திர அறிக்கை ஸ்கிரிப்ட், பழைய டெஸ்ட் சர்வரை மறுபடி ஓடவைப்பது மாதிரி. முடிந்தால் அதைத் தானாக ஓடும்படி மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அடுத்து வரும் இன்டர்னிடம் கொடுங்கள். அவர் முதல் நாளே கேட்கப்போகும் கேள்விகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.