சர்வர் அவ்வப்போது நின்றுபோகிறதா? ரீஸ்டார்ட்டுக்கு முன் இரண்டு நிமிடம்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து விடிவதற்குள் படகு கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஐஸ் ஏற்றியாக வேண்டும். அங்குள்ள ஐஸ் ஃபேக்டரி ஒன்றுக்கு நாங்கள் செய்து கொடுத்த ஆர்டர் செயலி, வாரத்தில் இரண்டு நாளாவது சரியாக அந்த நேரத்தில் நின்றுவிடும். "தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது" என்று போன் வரும். நான் எழுந்து, செயலியை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்வேன். உடனே சரியாகிவிடும். இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே போன்.

ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் தடயத்தை நானே அழித்துக்கொண்டிருந்தேன் என்பது புரிய இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜாவா, டாம்கேட், ஹிகாரி கனெக்‌ஷன் பூல் (திறந்த டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்கும்போது கொடுத்துத் திரும்ப வாங்கும் தொகுப்பு) வைத்துச் சொல்கிறேன். வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் வழி இதேதான்.

படி 1: எது நின்றது என்று பாருங்கள்

சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்தே 'கர்ல்' கட்டளையால் இரண்டு பக்கங்களைக் கூப்பிடுங்கள். ஒன்று டேட்டாபேஸைத் தொடாத சாதாரணப் பக்கம், இன்னொன்று டேட்டாபேஸிலிருந்து படிக்கும் பக்கம். முதல் பக்கம் வந்து இரண்டாவது வரவில்லை என்றால் சிக்கல் டேட்டாபேஸ் தரப்பில். இரண்டுமே வரவில்லை என்றால், டாம்கேட்டின் த்ரெட்டுகள் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாட்கள் மாதிரி) எல்லாம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கலாம். மாற்றாதவரை அதன் வரம்பு 200 த்ரெட்டுகள். உள்ளிருந்து இரண்டும் வந்து, வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் முன்னால் நின்று கோரிக்கைகளை டாம்கேட்டுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸையோ நெட்வொர்க்கையோ பாருங்கள்.

படி 2: மெமரி, டிஸ்க்

ப்ராசஸ்களைக் (ஓடும் நிரல்களை) காட்டும் 'டாப்', மெமரியைக் காட்டும் 'ஃப்ரீ', டிஸ்க்கைக் காட்டும் 'டிஎஃப்' மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். லாக் கோப்புகளால் டிஸ்க் நிரம்பியிருப்பது நிறைய பேருக்கு நடக்கிறது. ஜாவா ப்ராசஸையே காணோம் என்றால் 'டிமெஸெஜ்' வெளியீட்டில் தேடுங்கள். மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே அதைக் கொன்றிருந்தால் அங்கே பதிவு இருக்கும்.

படி 3: த்ரெட் டம்ப் எடுங்கள்

இதுதான் உயிர்நாடி. இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து 'ஜேஸ்டாக்' கட்டளைக்குக் கொடுங்கள். அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று பட்டியல் வரும். அதைக் கோப்பில் சேமியுங்கள். 10 விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். ஒருமுறை மட்டும் பார்த்தால், ஒரு த்ரெட் அந்த வரியைக் கடந்து போகிறதா, அங்கேயே கிடக்கிறதா என்று தெரியாது. மூன்றிலும் அதே வரியில் இருந்தால் அது கிடக்கிறது.

பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். காத்திருப்பவர்களுக்கு வேலை நடக்கட்டும். ஆராய்ச்சியை விடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: டம்ப்பைப் படியுங்கள்

நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்து மிரள வேண்டாம். எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் தேடுங்கள். பல த்ரெட்டுகள் 'பிளாக்டு' நிலையில் ஒரே பூட்டுக்கு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் தடை) காத்திருந்தால், அந்தப் பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட்டைத் தேடுங்கள். 'சாக்கெட் ரீட்' என்று பல த்ரெட்டுகள் நின்றால், எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற வெளிச் சேவையின் பதிலுக்குக் காத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஜாவாவோடு வரும் பழைய எச்டிடிபி இணைப்பில் நீங்களாக டைம்அவுட் வைக்காவிட்டால் காத்திருப்புக்கு முடிவே கிடையாது.

என் டம்ப்பில் ஏறக்குறைய எல்லா த்ரெட்டும் 'கெட் கனெக்‌ஷன்' என்ற வரியில் நின்றன. ஹிகாரி பூலில் நாம் மாற்றாதவரை 10 கனெக்‌ஷன்தான். பத்தும் வெளியே போயிருந்தால் 11-வதாகக் கேட்பவர் 30 விநாடி காத்திருந்து பிழையோடு திரும்புவார். ஆனால் அந்தப் பத்தையும் பயன்படுத்தும் த்ரெட் ஒன்றுகூட டம்ப்பில் இல்லை. துறையில் மீனை இறக்கி முடித்த படகு இடத்தை விட்டு நகராமல் நின்றால், பின்னால் வரும் படகு எங்கே அணையும்? அதே நிலைமைதான்.

படி 5: ஓட்டையைப் பிடியுங்கள்

ஹிகாரியில் 'லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டு' என்ற அமைப்பு உண்டு. இயல்பில் அணைந்திருக்கும். 60000 மில்லிவிநாடி என்று வையுங்கள். ஒரு நிமிடத்துக்குமேல் திரும்பி வராத கனெக்‌ஷனை எந்த வரி வாங்கிப் போனது என்று லாக்கில் எழுதிவிடும்.

எங்களுக்கு அது காட்டிய இடம்: கேட்ட ஐஸ் இருப்பைவிட அதிகமானால் "இருப்பு இல்லை" என்று திரும்பும் பகுதி. அங்கே கனெக்‌ஷனை மூடாமலே திரும்பியிருந்தோம். ஐஸ் தட்டுப்பாடான நாளில் பத்து ஆர்டர் மறுக்கப்பட்டால் பூல் காலி. மற்ற நாளில் ஒன்றும் ஆகாது. விட்டுவிட்டு வந்த நோய்க்குக் காரணம் அதுதான்.

பூல் அளவை 50 ஆக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஓட்டை அப்படியே இருக்கும், நிற்கும் நாள் மட்டும் தள்ளிப்போகும். டேட்டாபேஸுக்கும் வரம்பு உண்டு: போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும், மைஎஸ்கியூஎல் 151. கனெக்‌ஷன் வாங்கும் ஒவ்வொரு இடத்தையும் 'ட்ரை வித் ரிசோர்சஸ்' முறையில் எழுதுங்கள். எந்த வழியாக வெளியேறினாலும் ஜாவாவே மூடிவிடும்.

படி 6: சரியானதை நிரூபியுங்கள்

சோதனை சர்வரில் இருப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு 11 ஆர்டர் போடுங்கள். பழைய நிரலில் 11-வது ஆர்டர் 30 விநாடி சுற்றும். திருத்திய நிரலில் அதற்கும் உடனே "இருப்பு இல்லை" என்று வர வேண்டும்.