கர்ப்பிணிகளுக்கான கீகல் வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யோகா வகுப்பில் கையைத் தப்பாகத் தூக்கினால் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். கீகல் எனப்படும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியில் அந்த வசதி இல்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள் இவை. பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து "இறுக்கு, விடு" என்று செய்யும்போது, யார் சரியாகச் செய்கிறார், யார் சும்மா முகத்தைச் சுளிக்கிறார் என்று வெளியே தெரியாது.

அதனால் முதல் தவறு, தனியாக ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் நேராகக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவது. 1991-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்த விதமோ சிறுநீர்க் கசிவை அதிகமாக்கக்கூடியது! மேலே இழுக்க வேண்டிய தசையை அவர்கள் முக்கிக் கீழே தள்ளியிருந்தார்கள்.

கூட்டாகச் செய்வதே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. நார்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரில் முதல் குழந்தையைச் சுமந்த 301 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. அங்கே பயிற்சி நடந்ததும் குழுவாகத்தான். ஆனால் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவருக்கும் தனியே உள்பரிசோதனை செய்து, தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பார்த்த பிறகே வகுப்பு தொடங்கியது. கர்ப்பத்தின் 36-வது வாரத்தில், பயிற்சி எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் 48 சதவீதம். வகுப்பில் சேருமுன் "தனியாகப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் தேடலாம். உள்பரிசோதனை கூடாது என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஓரளவு நீங்களே கவனிக்கலாம். வாயு பிரிவதை அடக்குவதுபோலப் பின்பக்கத்தையும், சிறுநீரை அடக்குவதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகினால், மூச்சு நின்றுபோனால், வேறு தசைதான் வேலை செய்கிறது. நிறைய பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எண்ணுகிறார்கள். சத்தமாக எண்ணச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். பட்டாம்பூச்சி ஆசனத்தையே கீகல் என்று நம்புகிறவர்களும் உண்டு. அது தொடைக்கும் இடுப்பு மூட்டுக்கும் நல்லது, அவ்வளவுதான்.

டீச்சர் பத்து எண்ணுகிறார் என்பதற்காக நீங்களும் பத்து விநாடி பிடித்தே ஆக வேண்டியதில்லை. மூன்று விநாடியில் தசை தளர்ந்தால் மூன்றிலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு போட்டி வேண்டாம், அவருக்கு எத்தனை விநாடி நிற்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். இறுக்கிய பின் முழுவதும் தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. பல வகுப்புகளில் அவசரமாக ஓடிவிடுவது இந்தப் பாதிதான். இடுப்படியில் வலி இருப்பவர்கள், சிறுநீர் கழிக்கவே சிரமப்படுகிறவர்கள் மேலும் மேலும் இறுக்கினால் தொல்லை கூடலாம். அவர்களுக்குத் தனி ஆலோசனை தேவை.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது இன்னொரு பழக்கம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம், வேண்டாம். வயிறு பெரிதான பிறகு மல்லாந்து படுத்து நெடுநேரம் செய்வதும் வேண்டாம்; கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். ஒருக்களித்தோ, உட்கார்ந்தோ, நின்றோ செய்யலாம். ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி என்றால் வகுப்பை விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

"கீழே இறுக்கிவைத்தால் சுகப்பிரசவம் ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதே ட்ரொன்ட்ஹைம் பெண்களின் பிரசவத்தைப் பார்த்த கட்டுரை 2004-ல் வந்தது. பயிற்சி செய்தவர்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முக்க வேண்டியிருந்தவர்கள் 24 சதவீதம், மற்றவர்களில் 38. பயத்துக்கு நேர் எதிரான கணக்கு இது. அத்தையிடம் சதவீதம் சொல்லிப் பயனில்லை என்றால், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒருநாள் வகுப்போடு முடித்துக்கொள்வதும் போதாது. நார்வேயில் வாரம் ஒரு மணி நேரம் குழுவாக, அதுவும் 12 வாரம். அது போக வீட்டில் தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 8 முதல் 12 முறை. 20-வது வாரத்துக்கும் 36-வது வாரத்துக்கும் இடையில் இது நடந்தது. நம் வீடுகளில் இங்கேதான் இடிக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு, மறுநாளே தாய்வீட்டுப் பயணம், வகுப்பு அங்கேயே அறுந்துபோகும். ஆறாம் மாதத்தில் சேர்ந்தவருக்கு நாலைந்து வகுப்புகூடக் கிடைக்காது. ஐந்தாம் மாதம் தொடங்கும்போதே சேர்ந்துவிடுங்கள். ஊருக்குக் கிளம்புமுன் எத்தனை விநாடி, எத்தனை முறை, எந்த நிலையில் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு எப்போது திரும்பத் தொடங்கலாம் என்பதையும் அதே தாளில் கேட்டு வாங்கலாம். சிசேரியன் ஆனாலும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.