கருக்கலைப்புக்கு எத்தனை வாரம்? கணிப்புகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருக்கலைப்பை எத்தனை வாரம் வரை சட்டம் அனுமதிக்கலாம் என்று ஒரு கருத்துக்கணிப்பு வந்தால் போதும், இரண்டு தரப்பும் அதிலிருந்து ஆளுக்கொரு சதவீதத்தைப் பிய்த்துக்கொண்டு "பார்த்தீர்களா, மக்களே சொல்லிவிட்டார்கள்" என்று கிளம்பிவிடுகிறார்கள். மக்கள் சொன்னது பெரும்பாலும் வேறு ஏதோவாக இருக்கும்.

முதலில் வாரக் கணக்கையே பார்ப்போம், இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கரு உருவாவது அதற்குச் சுமார் 2 வாரம் கழித்துத்தான். ஆக "6 வார வரம்பு" என்றால் யோசிக்க ஒன்றரை மாதம் கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. 28 நாளுக்கு ஒருமுறை சரியாக மாதவிலக்கு வருகிற பெண்ணுக்கே அப்போது நாள் தள்ளிப்போய் 2 வாரம்தான் ஆகியிருக்கும், ஒழுங்காக வராதவர்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. பிரான்ஸ் 2022-ல் வரம்பை 12-லிருந்து 14 வாரமாக்கியது, ஆனால் அங்கே சட்டம் கரு உருவானதிலிருந்து எண்ணுகிறது. மருத்துவர் கணக்கில் அது 16. இதைச் சொல்லாமல் நாடுகளை வரிசைப்படுத்தும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

சரி, எண்ணும் முறை ஒன்றாகவே இருந்தாலும் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது. ஸ்வீடனில் 18 வாரம், இந்தியாவில் 24 வாரம், அப்படியானால் இந்தியச் சட்டம்தான் தாராளமா? ஸ்வீடனில் 18 வாரம் வரை பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகும் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும், 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும், 20 முதல் 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும், அதுவும் 2 மருத்துவர்கள். "24 வாரம் சரியா?" என்று வெறுமனே கேட்டால் பதில் சொல்பவர் இதில் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது கேள்வியின் வார்த்தை. "15 வாரத்துக்கு மேல் தடை செய்யலாமா?" என்பதும் "15 வாரம் வரை அனுமதிக்கலாமா?" என்பதும் ஒரே வரம்பைத்தான் கேட்கின்றன, காதில் மட்டும் வேறு மாதிரி விழுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், முதல் கேள்விக்கு "ஆம்" சொன்னவர்களில் 15-தான் சரி என்பவரும் இருப்பார், முழுத் தடை கேட்டு, கிடைத்தவரை லாபம் என்று "ஆம்" சொன்னவரும் இருப்பார். "இல்லை" பக்கமும் அதே கதைதான்: 24 வேண்டும் என்பவரும், 15 வாரம் வரை விடுவதே தப்பு என்பவரும் அங்கே ஒன்றாக நிற்பார்கள். இவர்களைக் கூட்டி ஒரு சதவீதமாக்கி "15 வார வரம்புக்கு ஆதரவு" என்று தலைப்பு போட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கர்ப்பத்தை மூன்று மூன்று மாதமாகப் பிரித்துக் கேட்கிறது. 2023-ல் முதல் மூன்று மாதத்தில் சட்டப்படி அனுமதிக்கலாம் என்றவர்கள் 69%, இரண்டாவதில் 37%, கடைசியில் 22%. (மூன்றும் அதே ஆட்களின் பதில். இவற்றைக் கூட்டக் கூடாது!) 37-ஐப் பார்த்துவிட்டு, மற்றவர்களெல்லாம் அந்தக் கட்டத்தில் எந்த விதிவிலக்கும் வேண்டாம் என்கிறார்கள் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தவறு. கேள்வியில் "பொதுவாக" என்ற வார்த்தை இருக்கிறது. சிசுவின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன் பொதுவாக 18 முதல் 21 வாரத்துக்குள்தான் எடுக்கப்படுகிறது. அதில் உயிர் பிழைக்க முடியாத குறை தெரிந்தால் என்ன செய்யலாம் என்று அதே ஆளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பதில் மாறலாம். அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று சொல்ல முடியாது, இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

தாமதமான கருக்கலைப்புதான் அதிகம் நடக்கிறது என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 10-ல் 9-க்கும் மேல் 13 வாரத்துக்குள் நடப்பவை, 21 வாரம் தாண்டியவை சுமார் 1%.

அப்புறம், வாக்கெடுப்பைக் கருத்துக்கணிப்பு மாதிரி படிப்பது. அயர்லாந்தில் 2018-ல் கருக்கலைப்பு பற்றிய பொது வாக்கெடுப்பில் 66.4% பேர் "ஆம்" என்றார்கள். அதை "12 வாரத்துக்கு 66% ஆதரவு" என்று இன்றும் எழுதுகிறார்கள். அரசு 12 வார வரம்பு கொண்ட சட்ட வரைவை முன்பே வெளியிட்டிருந்தது உண்மைதான், ஆனால் வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி அரசியலமைப்புத் திருத்தம் பற்றியது. அதில் வாரம் என்ற பேச்சே இல்லை.