மயில் நீல நடைக்கு ஒத்துப்போன நிறங்கள்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் வீட்டில், விறாந்தையையும் அறைகளையும் இணைக்கும் ஒடுங்கிய நடைக்கு, மகளின் விருப்பப்படி அடர்ந்த மயில் நீலம் பூசினோம். நிறம் அழகாகவே இருந்தது. ஆனால் பக்கத்து அறையின் இளஞ்சிவப்புச் சுவரும் பூப்போட்ட திரைச்சீலைகளும் அதனோடு ஒட்டவில்லை. ஆகவே நீலத்தை அப்படியே விட்டு, சுற்றியுள்ளவற்றை மாற்றினேன்.

அறைச்சுவருக்கு வெளிர் மணல் நிறம் பூசி, பூவேலையற்ற திரைச்சீலைகளைத் தொங்கவிட்டேன். கதவுகள் முதிரை மரத்தாலானவை. பழைய பெயின்ற்றைச் சுரண்டித் தேய்த்து வார்னிஷ் மட்டும் பூசியதும், நீலத்துக்கு எதிர்நிறமான செம்மஞ்சளை அண்டிய அம்மரத்தின் பொன்னிறம் எடுப்பாகத் தெரிந்தது. இவ்வளவு நல்ல மரத்தை மூடி வைத்திருந்தது பெருங்குறை என்றே நினைக்கிறேன்.

இவற்றைவிடக் கூடிய மாற்றத்தைத் தந்தது வெளிச்சம். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெண்குமிழின் கீழ் வெளிறிக் கிடந்த மரத்தில், மஞ்சள் சாயலான ஒளி தரும் 2700 கெல்வின் குமிழைப் போட்டபின் இழையோட்டம்கூடத் தெளிந்தது. சுவரில் பனையோலைத் தட்டுகள் இரண்டை மட்டும் மாட்டினேன். அடர்நிறச் சுவரில் பொருட்கள் பெருகினால் நடை மேலும் ஒடுங்கித் தோன்றும். தரைவிரிப்புக்கு, கோடையில் படியும் செம்மண் புழுதி உடனே தெரியாத செங்கல் நிறத்தைத் தெரிவுசெய்தேன்.