கோலாலம்பூர்க் கடிகாரத்தில் உங்கள் நல்ல நேரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலை 5 மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்று சென்னை வீடியோ சொல்வதைக் கேட்டு இங்கே அலாரம் வைப்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று, கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காக, ஏற்கெனவே முந்தியிருந்த தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை மேலும் அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உதிக்கவே 7 முதல் 7.30 ஆகிவிடும், உச்சிக்கு வர மதியம் 1.15 வாக்கில் ஆகும். சென்னையில் 5 மணிக்கு எழுந்தால் விடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் பாக்கி. இங்கே இரண்டு.

சரி, உங்கள் நேரத்தைக் கண்டுபிடிப்போம்.

படி 1: தூக்கத்தின் நடுப்புள்ளி

அலாரம் இல்லாத விடுமுறை நாளில் எப்போது தூங்கி எப்போது விழிக்கிறீர்கள்? இரவு 1 முதல் 9 வரை என்றால் நடுப்புள்ளி 5 மணி. வேலை நாளில் 11.30 முதல் 5.30 வரை என்றால் 2.30. இடைவெளி இரண்டரை மணி நேரம். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் உள்ள நேர வித்தியாசமும் அதுதான். வாராவாரம் சென்னைக்குப் பறந்து திரும்புகிற களைப்பு உங்களுக்கு டிக்கெட் இல்லாமலே கிடைக்கிறது. இடைவெளியை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

படி 2: ஒரு வாரக் குறிப்பு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உங்கள் சுறுசுறுப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கைப்பேசியில் எழுதுங்கள். பண்டிகை வாரம் வேண்டாம்.

படி 3: வேலையை இடம் மாற்றுங்கள்

பெரும்பாலோருக்கு விழித்த சில மணி நேரத்தில் மூளை நன்றாக ஏறும், மதியத்துக்குப் பின் இறங்கும், மாலையில் மறுபடி ஏறும். கணக்கு, எழுத்து, படிப்பு எல்லாம் ஏறும் நேரத்துக்கு. இறங்கும் நேரத்துக்கு மின்னஞ்சலும் கிளைம் படிவமும் போதும். மதிய மந்தத்துக்கு நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. சாப்பிடாவிட்டாலும் அது வரும், குழம்பு அள்ளி ஊற்றிய தட்டு அதைக் கூட்டும், அவ்வளவுதான். முடிந்தால் 20 நிமிடம் கண்ணயருங்கள். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும்.

ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கிலும் கவனம். காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணித் தேநீரில் பாதி இரவு 11-க்கும் உடம்பில் இருக்கும். மாமாக் எனும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் பத்து மணிக்குக் குடிப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை.

படி 4: வெளிச்சம்

உடலின் உள் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2017-இல் மூவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தை முதன்மையாகத் திருத்துவது வெளிச்சம். ஜாமுக்குப் பயந்து இருட்டிலேயே கிளம்புகிறவர்கள் அலுவலகம் போனதும் நேரே உள்ளே நுழையாமல், விடிந்தபின் கால் மணி நேரம் வெளியே நடப்பது நல்லது. இரவு ஷிப்டுக்காரர்களுக்கு இந்தப் படி பொருந்தாது. வேலை முடிந்து வந்தால் அவர்களுக்கு இருட்டறைதான் தேவை.

படி 5: பெரிய முடிவுகள்

தூக்கம் குறைந்த மூளை லாபத்தைப் பெரிதாகவும் நட்டத்தைச் சிறிதாகவும் பார்க்கிறது. ஆகவே கார் கடன், வீட்டு முன்பதிவு போன்றவற்றை வேலை முடிந்த களைப்பில் வேண்டாம். ராகு காலம் பார்ப்பவர்கள் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தையே பாருங்கள். திங்கள் 7.30–9 என்பது 6 மணி உதயத்துக்கான கணக்கு, உதயம் 7.15 என்றால் அது 8.45-க்குத்தான் தொடங்கும். அப்புறம், ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்று முகவர் இரவு ஒன்பது மணிக்குப் பேனாவை நீட்டினால், படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் நீங்கள் 5 மதிப்பெண் போட்ட நேரத்தில் படித்துப் பாருங்கள்.