ரெய்டு கன்ட்ரோலரில் டிஸ்க் போனால் செய்யக்கூடாதவை

சர்வரில் ஆரஞ்சு விளக்கு எரிந்து பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து (இதுதான் ரெய்டு) நடத்தும் கன்ட்ரோலர் அலாரம் அடிக்கத் தொடங்கினால், கை உடனே டிஸ்க்கை உருவப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனாலும், ரெய்டு 6-இல் இரண்டு போனாலும், மிச்சமுள்ள டிஸ்க்குகளையும் பாரிட்டியையும் (தொலைந்த டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) வைத்துக் கன்ட்ரோலர் வேலையைத் தொடரும். டேட்டா முழுவதுமாகப் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு நாம் அவசரப்பட்டுச் செய்கிற காரியங்களால்தான்.

முதல் தவறு, நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. சில பெட்டிகளில் ஸ்லாட் எண் 0-இல் தொடங்கும், சிலவற்றில் 1-இல். "மூன்றாவது டிஸ்க் போச்சு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வேறொன்றை உருவுவார். ஏற்கனவே ஒரு டிஸ்க் இல்லாத ரெய்டு 5-இல் இது நடந்தால் அர்ரே (சேர்ந்து இயங்கும் டிஸ்க்குகளின் தொகுப்பு) அப்படியே படுத்துவிடும். கன்ட்ரோலருக்குக் கட்டளை கொடுக்கும் ஸ்டோர்சிஎல்ஐ போன்ற கருவியில் லொகேட் கட்டளை கொடுத்து அந்த டிஸ்க்கின் விளக்கைச் சிமிட்டவிடுங்கள். சீரியல் எண்ணையும் முன்பே குறித்துக்கொண்டு, வெளியே எடுத்ததும் லேபிளோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது, லாக் (கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவு) பார்க்காமல் டிஸ்க்கை மாற்றுவது. மீடியா எரர் (டிஸ்க்கின் பரப்பில் வரும் பிழை) ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் மீது சந்தேகப்படலாம். அது பூஜ்யமாக இருந்து அதர் எரர் (இணைப்பு போன்ற மற்றப் பிழைகள்) மட்டும் ஏறினால் கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை), பவர் பக்கம் பாருங்கள். மூன்று நான்கு டிஸ்க்குகள் ஒரே நொடியில் காணாமல் போனால் எல்லாம் ஒன்றாகச் செத்திருக்க வாய்ப்பு குறைவு. புது டிஸ்க்கும் அதே ஸ்லாட்டில் விழுந்தால் கோளாறு ஸ்லாட்டில்தான். இன்னொன்று, கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் தகவல்) இயங்குதளத்துக்கு நேரடியாகத் தெரியாது. லினக்ஸில் அதைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவிக்குக் கன்ட்ரோலர் வகையையும் டிஸ்க்கின் எண்ணையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஃபோர்ஸ் ஆன்லைன். ரெய்டு 5-இல் இரண்டு டிஸ்க் விழுந்துவிட்டது, ஒன்றை வலுக்கட்டாயமாக ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் அர்ரே எழுந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். எந்த டிஸ்க் என்பதுதான் கேள்வி. போன வாரம் விழுந்த டிஸ்க்கில் இருப்பது போன வாரத்து டேட்டா. அதை எழுப்பினால் பழசும் புதுசும் கலந்துபோகும். அதன்மேல் கோப்பமைப்பைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓடினால் கலவை டிஸ்க்கில் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். கடைசியாக விழுந்த டிஸ்க்கைத்தான் எழுப்ப வேண்டும். எது கடைசி என்பதை லாக்கில் உள்ள நேரம் சொல்லும், ஞாபகத்தை நம்ப வேண்டாம். எழுந்ததும் படிக்க மட்டும் மவுண்ட் செய்து முக்கியமானதை வெளியே நகலெடுங்கள். ரீபில்டெல்லாம் (மாற்று டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்பக் கட்டுவது) அப்புறம்.

வேறு அர்ரேயைச் சேர்ந்தது என்று கருதிக் கன்ட்ரோலர் ஃபாரின் என்று காட்டும் டிஸ்க்கிலும் இதே கவனம் வேண்டும். வேறு பெட்டியில் ஓடிய பழைய டிஸ்க்கைச் செருகியதால் வந்தது என்றால் கிளியர் கொடுப்பது சரி. அர்ரேயின் சொந்த டிஸ்க்குகளே ஃபாரினாக நின்றால் கிளியர் கொடுக்காதீர்கள், அர்ரேயை அடையாளம் காட்டும் குறிப்பே அழிந்துவிடும். முதலில் பிரிவ்யூ பாருங்கள், அது சரியாக இருந்தால் இம்போர்ட் (அந்த அர்ரே அமைப்பைக் கன்ட்ரோலர் ஏற்பது). டேட்டாவை அழிக்கும் இனிஷியலைஸ் பக்கம் போகவே வேண்டாம்.

பேக்கப்பைச் சரிபார்க்காமல் ரீபில்ட் தொடங்குவதும் தவறுதான். 4 டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு உள்ள ரெய்டு 5-இல், ஒன்றைத் திரும்பக் கட்ட மற்ற மூன்றிலிருந்து 12 டிபி முழுவதையும் படித்தாக வேண்டும். சாதாரண சாட்டா டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு, 10¹⁴ பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழைக்கு மிகாது என்பது. அதாவது சுமார் 12.5 டிபி படித்தால் ஒன்று, ரீபில்டுக்குப் படிக்க வேண்டிய 12 டிபிக்குப் பக்கத்தில். நடைமுறையில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே தாங்கும், ஆனாலும் அதை நம்பி இறங்கக் கூடாது. பேட்ரோல் ரீட் (டிஸ்க்குகளைப் பின்னணியில் படித்துச் சோதிப்பது) ஓடிக்கொண்டிருந்தால் யாரும் தொடாத மூலையில் உள்ள கெட்ட செக்டர்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். கன்ட்ரோலருக்குச் சுமை என்று அதை நிறுத்தி வைக்காதீர்கள்.

மாற்று டிஸ்க்காக டெஸ்க்டாப் டிஸ்க் போடுவது சிக்கனம் போலத் தெரியும். கெட்ட செக்டர் வந்தால் அது விடாமல் திரும்பத் திரும்ப முயலும். கன்ட்ரோலர் அவ்வளவு நேரம் காத்திராமல் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். சர்வர் டிஸ்க்குகள் பொதுவாக 7 நொடி அளவில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும், மற்றதைக் கன்ட்ரோலர் பாரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

பேட்டரியையும் பாருங்கள். கேஷ் பேட்டரி (கன்ட்ரோலரின் தற்காலிக நினைவகத்தை மின்வெட்டில் காப்பது) போனால் கன்ட்ரோலர் வழக்கமாக ரைட் பேக்கிலிருந்து (முதலில் கேஷில் எழுதுவது) ரைட் த்ரூவுக்கு (நேராக டிஸ்க்கில் எழுதுவது) மாறும், எழுதும் வேகம் சட்டென்று குறையும். அதை டிஸ்க் கோளாறு என்று நினைத்து நல்ல டிஸ்க்கை மாற்றுகிறவர்கள் உண்டு. வேகம் வேண்டும் என்று ரைட் பேக்கை எப்போதும் இருக்கும்படி கட்டாயப்படுத்தினால், அடுத்த மின்வெட்டில் கேஷில் இருந்ததெல்லாம் போய்விடும். பேட்டரியை மாற்றும்வரை மெதுவாகவே ஓடட்டும்.